ஏட்டுக்கல்லும் என் மரத்துத் தேங்காயும்

எனக்கு வயது அறுபத்தாறு. பெற்றது ஏழு, ஆளாக்கியது ஆறு. மூத்தவனுக்குப் பதினாறு வயது இருக்கும்போதே இவர்களுக்கு அப்பா இல்லாமல் போய்விட்டார். அதற்குப் பிறகும் ஒரு பிள்ளைகூட அடுத்த வீட்டுச் சட்டியை எட்டிப் பார்த்தது கிடையாது. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நாட்களைச் சொன்னேன். இந்த வாரம் கல்லுமலை, ரோட்டுக்குக் கல் வெட்டுகிற மலை. இதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம். மூடிக் கிடந்த கல்லுமலையின் குழி ஓரத்தில் நானும் என் கடைசி மகள் வாசுகியும் நிற்கிறோம். குழியில் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. அவள் என் வலது கையைப் பிடித்துப் பாறைமேல் விரித்து வைத்தாள்.

"கட்டைவிரல் இந்தக் கல்லுல இருக்கட்டும்மா. சுண்டுவிரல் அந்தக் கல்லுல."

கட்டைவிரலுக்குக் கீழே வெள்ளையும் கறுப்புமாக, பொரியைக் கொட்டி இறுக்கினது போல ஒரு கல். சொரசொரவென்று இருந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே கருஞ்சாம்பல் நிறத்தில், ஏடு ஏடாக, வெயிலில் மினுமினுக்கும் வேறொரு கல்.

"ரெண்டு கல்லும் ஒட்டுற இடம்மா இது. இதைத் தேடித்தான் வந்தேன்" என்றாள்.

அந்த இடத்தை எனக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். அதற்கு நேர் கீழேதான் அவள் அப்பாவை எடுத்தார்கள்.

கல்லுப் படிப்பு

வாசுகி யுனிவர்சிட்டிக்கு எடுபட்டபோது தெங்கேராவில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். டாக்டரா, லாயரா? இரண்டும் இல்லை. பூமிக்குள் கல் எப்படி உண்டாகிறது, மலை எப்படி எழும்புகிறது என்று படிக்கிற படிப்பு.

பக்கத்து வீட்டு சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கல்லு உடைக்கிறதுக்கு யுனிவர்சிட்டியாக்கா? உங்க வீட்டுக்காரரு சம்பளம் வாங்கிக்கிட்டே உடைச்சாரே லா."

"அவர் உடைச்சாரு. இவ அது எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கப்போறா. ஒன் மகன் என்ன கேக்குறான், சோறு எங்கேன்னா?" என்றேன். அதற்குப் பிறகு சரோஜா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வெளியில் அப்படிப் பேசிவிட்டேன். உள்ளே எனக்கும் பயம்தான். கல்லில் போனவருடைய பிள்ளை கல்லையே தேடிப் போகிறதே என்று. அவள் அப்பா போகும்போது அவள் ஆறு மாதக் கைக்குழந்தை. அவர் முகம் அவளுக்கு ஒரு போட்டோவில்தான்.

கடைசி வருசத்தில் ஏதோ ஒரு மலையை அளந்து, படம் போட்டு, எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இந்தக் கல்லுமலையைத்தான் எடுத்திருக்கிறாள். "பழைய பாதை தெரிஞ்ச ஆள் வேணும்மா. நீ வாம்மா" என்றாள். இருபத்திரண்டு வருசமாக நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பிள்ளை படிப்புக்குக் கேட்டதற்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. போனேன்.

மூத்தவன் மணியம் வண்டி ஓட்டினான். ஆயர் குரோ தாண்டி, எண்ணெய்ப்பனைக்குள் ஒரு செம்மண் பாதை. வேலியில் தகரப் பலகை.

"அம்மா, பஹாயா, ஆபத்துன்னு போட்டிருக்கு" என்றான்.

"எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. மண்டையோட்டுப் படம் தெரியுது. நீ வண்டியிலேயே இரு."

சத்தம் கேட்கிற வேலை

நாங்கள் ரப்பர்த் தோட்டத்தை விட்டு கல்லுமலைக்கு வந்தது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பழைய மரங்களை வெட்டி எண்ணெய்ப்பனை போட்டார்கள். ஆள் குறைத்தார்கள். என் வீட்டுக்காரருக்குக் கல்லுமலையில் டிரில் போடுகிற வேலை கிடைத்தது. பாறையில் ஆழமாகத் துளை போட வேண்டும். அதில் வெடி வைப்பதற்கு வேறு ஆள். நான் கீழே சல்லிக்கல் பொறுக்கினேன். வேலையாட்களுக்குக் கட்டின வரிசை வீடுகளை லயம் என்போம், அதில் கோடி வீடு எங்களுடையது. பின்னால் கொஞ்சம் காலி இடம்.

டிரில்காரர்கள் முதலில் பாறையைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல கல் மணி மாதிரி கணீரென்று கேட்கும். உள்ளே பிளவு இருந்தால் சத்தம் கட்டையாக, ஓட்டைச் சட்டியைத் தட்டின மாதிரி அடங்கிப்போகும். அவருக்கு அந்தக் காது நன்றாக உண்டு. சந்தையில் பானை வாங்கப் போனாலும் தட்டாமல் எடுக்கமாட்டார்.

வெள்ளைக் கல்தான் விலை போகும் கல். அங்கங்கே அதன் ஓரத்தில் கறுப்பாக, பாலேடு மாதிரி பிரிந்து வருவதை ஏட்டுக்கல் என்போம். ரோட்டுக்கு உதவாது. லாரியில் ஏற்றிக் காட்டில் கொட்டிவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் அதில் நாலு துண்டு எடுத்து வந்து, நகத்தால் உரித்து, மினுக்கலை நெற்றியில் ஒட்டிக்கொண்டு விளையாடும்.

புதுமுகப்புப் பூசை

மலையில் புதுப் பக்கம் திறக்கும்போது அதைப் புதுமுகப்பு என்போம். டிரில் வைப்பதற்கு முன்னால் முனியாண்டிக்குப் பூசை போட வேண்டும். சுருட்டு, எலுமிச்சை, பொரிகடலை எல்லாம் எங்களை வேலை வாங்குகிற மண்டோர் செலவு. தேங்காய் மட்டும் முதல் துளை போடப் போகிறவனின் பெண்சாதி கொண்டுவர வேண்டும். அந்தப் பாறையிலேயே உடைக்க வேண்டும். அதுதான் அங்கே முறை.

அந்தத் தடவை முதல் துளை அவருக்கு. தேங்காய் எனக்கு.

லயத்துக்குப் பின்னால் நான் ஒரு தென்னை வைத்திருந்தேன். கன்றாக வாங்கி, மீன் கழுவின தண்ணி ஊற்றி வளர்த்த மரம். அந்த வருசம்தான் காய் முற்றி நின்றது. லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். முனியாண்டிக்கு என் மரத்துக் காய்தான் என்று.

உரித்து எடுத்தபோது காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். தண்ணி ஆடவில்லை.

மாமியார் அடுப்படியிலிருந்து கேட்டார்கள். "குலுக்கிப் பாத்தியா? எதுக்கும் கடையில ஒண்ணு வாங்கி மடியில வச்சுக்க."

"பாத்தேன் அத்தே. தண்ணி நல்லா ஆடுது. என் மரத்துக் காய்க்கு ஒண்ணும் ஆகாது."

ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கடைக் காயோடு போய் நிற்பதா என்று இருந்தது எனக்கு. அவ்வளவுதான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பாறையில் உடைத்தார்கள். உள்ளே கறுப்பு. நாற்றம் எல்லார் மூக்கிலும் ஏறியது. பெண்கள் ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மண்டோர்தான், "பரவாயில்ல, திருஷ்டி கழிஞ்சுதுன்னு வச்சுக்க" என்றார். லாரி காத்துக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே டிரில்லைத் தூக்கினார். "அழுகினது தேங்காய்தான, மலையா அழுகிடுச்சு? ஒத்துங்க" என்றார்.

இரண்டாம் நாள் வேலை விட்டு வந்து, கோப்பி குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார். "அந்தப் பக்கம் கல்லு சத்தம் கட்டையா இருக்கு புள்ள."

"மண்டோர்கிட்ட சொல்லுங்களேன். வேற பக்கம் போடச் சொல்வாரு."

"சொன்னா, பாத்தியா தேங்காய் காட்டிக் கொடுத்துடுச்சும்பானுங்க. ஒன் தலையில வந்து விடியும். விடு, ஒரு வாரத்துல அந்த வேலை முடிஞ்சிடும்."

நானும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் விடாமல் மழை. ஆறாம் நாள் வெயில் அடித்தது, வேலைக்குக் கூப்பிட்டார்கள். பத்து மணிக்கு வெடிகூட வைக்கவில்லை. மேலே இருந்த பாறை, ஒரு வீட்டுக் கூரை அகலம், சத்தமில்லாமல் வழுக்கி வந்து விட்டது. சல்லி பொறுக்கிக்கொண்டிருந்த நான் தலை நிமிர்ந்தபோது அவர் நின்ற இடத்தில் தூசிதான் இருந்தது.

மாமியார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரே ஒரு தடவை கேட்டார்கள். "நெசமாவே குலுக்கிப் பாத்தியா?"

"பாத்தேன் அத்தே. ஆடிச்சு."

மறுநாள் அந்தத் தென்னையை வெட்டச் சொன்னேன். அன்றிலிருந்து என் கையால் தேங்காய் உடைத்தது இல்லை. புருசன் போனவள் நல்ல காரியத்தில் பின்னால் நிற்பது ஊர் வழக்கம்தானே. அதனால் நான் ஏன் ஒதுங்குகிறேன் என்று பெற்ற பிள்ளைகள்கூடக் கேட்கவில்லை.

நெய் உறைகிற மாதிரி

இப்போது மறுபடி அந்தக் குழி ஓரத்துக்கு வருகிறேன். என் கை இன்னும் பாறைமேல்தான் இருக்கிறது.

"அம்மா, இந்த வெள்ளைக் கல்லு ஒரு காலத்துல குழம்பா இருந்துச்சு" என்றாள் வாசுகி.

"கல்லா?"

"உருகின கல்லு. பூமிக்குள்ள பல மைல் ஆழத்துல. சுத்தி இருக்கிற பாறையைவிட லேசா இருக்கும். அதனால மெதுவா மேல ஏறி வரும். சில ஊர்ல மலை வாயைத் திறந்து வெளிய கொட்டிடும். இந்தக் குழம்பு அவ்வளவு தூரம் வரல. பாதி வழியில நின்னு, உள்ளேயே ஆறி உறைஞ்சுடுச்சு."

"அப்புறம் எப்படி வெளிய வந்துச்சு?"

"மேல மூடி இருந்ததெல்லாம் போயிடுச்சும்மா. மழை அரிச்சு, ஆறு இழுத்துட்டுப் போயி, கோடிக்கணக்கான வருசம். மூடி போனதும் இது தெரிய ஆரம்பிச்சிடுச்சு."

பிறகு அந்தப் பொரிகளைக் காட்டினாள். மெதுவாக ஆறினால்தான் இப்படிப் பெரிய பெரிய மணியாக வளருமாம். வெளியில் கொட்டிச் சட்டென்று ஆறிய கல்லில் மணி கண்ணுக்கே தெரியாதாம்.

"நெய் மாதிரி" என்றேன்.

"என்னது?"

"வெண்ணெய் உருக்கி, அடுப்பு மேடையிலேயே மெதுவா ஆறவிட்டா மணல் மணலா உறையும். அவசரப்பட்டுப் பச்சத் தண்ணியில பாத்திரத்தை வச்சா வழவழன்னு ஆயிடும். ஒனக்குத் தெரியாது, நீ கடையில டின்னுல வாங்குற."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினாள். என் பேச்சை ஒருத்தர் நோட்டில் எழுதினது அதுதான் முதல் தடவை.

காடேக் பக்கம் வெந்நீர் ஊற்று இருக்கிறதே, கால்வலிக்கு நாங்கள் போய்க் காலை நனைப்போமே, அதுவும் இந்த மிச்சச் சூடுதானா என்று கேட்டேன். இல்லையாம். மழைத் தண்ணி பிளவு வழியாக ஆழத்துக்கு இறங்கினால், அங்கே பூமியே சுடுமாம். சூடேறித் திரும்பி மேலே வருகிறதாம். தண்ணிகூட ஆழத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது, நான்தான் இத்தனை வருசம் இந்தப் பக்கம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, இந்த ஏட்டுக்கல்லு?"

அவள் திரும்பினாள். "என்ன பேரும்மா சொன்ன?"

"ஏட்டுக்கல்லு. ஒங்கப்பா ஆளுங்க அப்படித்தான் சொல்வாங்க."

அது பழைய கடல் சேறாம். படிந்து படிந்து கல்லாகி, ஆழத்தில் புதைந்து கிடந்ததாம். மேலே பாரம், பக்கத்திலிருந்து நெருக்கல். அப்புறம் வெள்ளைக் குழம்பு வந்து பக்கத்தில் நின்று இன்னும் சுட வைத்ததாம்.

"அதுவும் உருகிடுச்சாக்கும்."

"இல்லம்மா, அதான் விசயம். உருகல. உருகாமலே, இருந்த இடத்துலயே வேற கல்லா மாறிடுச்சு."

"மண்ணு வெந்து சட்டியாகிற மாதிரி. திரும்ப மண்ணா ஆகாது."

"ஆமா. ஆனா சட்டியில இல்லாத ஒண்ணு இதுல இருக்கு. இந்த மினுக்கல் இருக்குல்ல, காக்காப்பொன்னு, அது நெருக்கல் தாங்காம எல்லாம் ஒரே வாக்குல படுத்துடுச்சு. அதனாலதான் ஏடு ஏடாப் பிரியுது. வெள்ளைக் கல்லு குழம்பா இருந்து உறைஞ்சது, அதுல மணியெல்லாம் எல்லாப் பக்கமும் மாட்டிக்கிட்டு நிக்கும். இப்படிப் பிரியாது."

ரப்பர் ஷீட் அடுக்கி வைத்திருப்பது என் கண்ணில் வந்தது. ஓரத்தில் நகம் வைத்தால் ஒன்று ஒன்றாகக் கழன்று வரும்.

சாய்கிற பக்கம்

அவளிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே ஊசி ஆடும். அதை ஏட்டுக்கல்மேல் வைத்துப் பார்த்தாள். இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"ஏடெல்லாம் குழிப் பக்கம்தான் சாயுதும்மா."

"சாஞ்சா?"

"கூரையில ஓடு அடுக்கின மாதிரி. கீழ் வரிசையை உருவிட்டா மேல இருக்கிறது எதுல நிக்கும்? இடையில இருக்கிறதைத் தொட்டுப் பாரு." தொட்டேன். மாவு மாதிரி ஒட்டியது. "இதுல மழைத்தண்ணி இறங்குனா சோப்புதான். வெடியே வேணாம். இது அடியில போயி எவன் வெட்டச் சொன்னான்?"

"யாரும் தெரிஞ்சு சொல்லல. பின்னால வெள்ளைக் கல்லு இருக்குன்னு வெட்டுனாங்க" என்றேன். "ஒங்கப்பா இங்கதான்."

அப்பா போனது கல்லுமலையில் என்று அவளுக்குத் தெரியும், எந்த இடம் என்று தெரியாது. கையிலிருந்த பெட்டியை மூடினாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீரில் ஒரு மீன்கொத்தி விழுந்து எழுந்தது.

அங்கே வைத்துத்தான் சொன்னேன். தேங்காய், குலுக்கினது, ஆடாதது, மாமியாரிடம் இரண்டு தடவை பொய் சொன்னது, கோப்பி குடிக்கும்போது அவர் சொன்னது. இருபத்திரண்டு வருசமாக ஒருத்தரிடமும் சொல்லாததை, கைக்குழந்தையாக இருந்தவளிடம் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நல்ல தேங்காயா இருந்திருந்தா மழை பெய்யாம இருந்திருக்குமா?"

"பெஞ்சிருக்கும்."

"ஏடு வேற பக்கம் சாஞ்சிருக்குமா?"

"அது எப்படிச் சாயும்?"

"அப்புறம் என்னம்மா?"

"ஒங்கப்பா வாயைத் தெறந்திருப்பாரு" என்றேன். "கல்லு சத்தம் சரியில்லன்னு மண்டோர்கிட்ட சொல்லியிருப்பாரு. என் பேரு கெட்டுப்போகுமேன்னு சொல்லல."

அதற்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் இருந்திருக்காது. சமாதானத்துக்காக ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்லாமல் இருந்தாளே, அதற்காக அவளை நான் மதிக்கிறேன்.

எழுந்து பையிலிருந்து சுத்தியலை எடுத்தாள். வெள்ளைக் கல்லைத் தட்டினாள். கணீரென்று குழி முழுக்கச் சுற்றி வந்தது. இரண்டடி நகர்ந்து ஏட்டுக்கல்லைத் தட்டினாள். சத்தம் அங்கேயே செத்தது. மறுபடி தட்டினாள். மறுபடி.

"அப்பா காது சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள்.

அதுவரைக்கும் அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னது. இது ஒன்றுதான் அவளாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அப்போதுதான் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது.

வீட்டு வாசல்

திரும்பி வரும்போது எங்கள் சந்து முனைக் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கூடையிலிருந்து தேங்காயை எடுத்து ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் குலுக்கினேன். ஏழாவதை எடுத்தேன். கடைக்காரர், "தங்கமா வாங்குறீங்க, பாட்டி?" என்றார். காசை எண்ணிக் கொடுத்தேன்.

சாயங்காலம் வாசுகி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவள் பையில் இரண்டு கல்லும் ஒட்டின துண்டு ஒன்று, என் கை அகலத்துக்கு. வாசலில் நானே தேங்காயை எடுத்தேன். மணியம், "அம்மா, குடுங்க, நான் உடைக்கிறேன்" என்று கையை நீட்டினான். மருமகள் அவனைப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை, நானே உடைத்தேன்.

காய் நன்றாக இருந்தது. இருக்கத்தானே வேண்டும், குலுக்கிப் பார்த்துத்தானே வாங்கினேன்.

அன்று பாதி பாரம் இறங்கியது. மலை அப்படி ஆனதற்கும் என் தென்னைக்கும் சம்பந்தம் இல்லை. மனிதர் பிறப்பதற்கு முன்னாலேயே அது அப்படித்தான் சாய்ந்து கிடந்திருக்கிறது. மீதிப் பாதி இருக்கிறது. அவர் எனக்காக வாயை மூடிக்கொண்டது. அதை எந்த மழையும் அரிக்கவில்லை. நானும் அது போக வேண்டும் என்று கேட்கவில்லை.

கல்லுமலை லயத்தில் இருந்த பெண்களில் சிலர் இந்தப் பத்திரிகை வாசிக்கிறவர்கள். அன்று நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்தியவர்கள். அவர்களுக்கும், மேலே போய்விட்ட என் மாமியாருக்கும் இதைத் தெரிவித்துக்கொள்கிறேன். தண்ணி ஆடவில்லை. எனக்குத் தெரிந்தேதான் கொண்டுபோனேன்.

இரண்டாம் வகுப்போடு நின்ற என் எழுத்து எனக்கே பிடிபடாது. நான் சொல்லச் சொல்ல எழுதியது மணியத்தின் மகள்.

எழுதிட்டியா கண்ணு? சரி, எனக்கு வாசிச்சுக் காட்டு. மொதல்லேருந்து வேணாம். கல்லு விசயத்துல தப்பு இருந்தா ஒங்க வாசுகி அத்தை பாத்துத் திருத்திடுவா. தேங்காயைக் குலுக்கின எடத்துலேருந்து வாசி. அதைத் திருத்த என்னை விட்டா ஆளில்ல.